பாலத்து மேசையில் டிரசர் தேவசகாயம்

ஓடியதில்லை. ஒரு வருடம்கூட இல்லை. ஈப்போவிலிருந்து தைப்பிங் வரை ஆண்டுதோறும் நடக்கும் நெடுந்தூர ஓட்டத்தைப் பற்றி யார் பேசினாலும் டிரசர் தேவசகாயத்தின் பெயர் வந்துவிடுகிறது. அதனால் அவரும் ஒரு காலத்தில் ஓடியவர் என்று நினைக்கிறார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்னிடம் அதைத்தான் கேட்டார்கள். அவர் உட்கார்ந்திருந்தவர். சுங்கை சிப்புட்டைத் தாண்டி, பேராக் ஆற்றின் மிதவைப் பாலத்துக்கு முன்னால், ஒரு மடக்கு மேசைக்குப் பின்னால்.

செய்தி ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆராதனை முடிந்து வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். டிரசர் வேலை பார்த்த தோட்டத்தில் லாரி ஓட்டும் சாமுவேல் வாசலில் நின்றார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

“டிரசர் தவறிட்டாரு, டீச்சர். வெள்ளிக்கிழமை. காய்ச்சல்தான். அடக்கம் முடிஞ்சிருச்சு.”

ஏன் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்த வெயிலில் அதிக நேரம் வைத்திருக்க முடியவில்லை என்றார். அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். நான் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. அசதிதான் வந்தது.

இதை வாசிப்பவர்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஆற்றங்கரைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசராக இருந்த அவர் கையால் கொயினா வாங்கிக் குடிக்காதவர்கள் அந்தப் பக்கம் குறைவு. துரைமார் அந்தத் தோட்டத்துக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. ஊரெல்லாம் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவர் காய்ச்சலில் போனார். நல்லவர் என்று எழுதி இதை முடித்துவிடலாம். ஆனால் ஒரு வருடம் அந்தத் தோட்டத்தில் அவரை நல்லவர் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. அதையும் எழுத வேண்டும்.

சென்னையில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு ஈப்போவுக்குத் திரும்பியிருந்த சமயம். பெண்கள் பள்ளியில் வேலை. எதிலும் ஒட்டாமல் இருந்தேன். எங்கள் சபைக்கு மாதம் ஒருமுறை வருவார் அவர். ஒரு நாள் வெளியே மரத்தடியில் நின்று கேட்டார். இங்கிலீஷில் வேகமாக எழுத ஒரு ஆள் வேண்டும், பாலத்தடியில் நாள் முழுக்க உட்கார வேண்டும், சுவாரசியமாக ஒன்றும் இருக்காது என்றார். அப்படிச் சொல்லி என்னை யாரும் எதற்கும் அழைத்ததில்லை. போனேன். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் போனேன்.

வேலை இதுதான். ஓடுபவர்கள் ஈப்போவில் விடியுமுன் கிளம்புவார்கள். வெயில் ஏறிய பிறகு எங்களிடம் வந்து சேர்வார்கள். அவர் எண்ணைச் சொல்வார். நான் எண்ணையும் நேரத்தையும் எழுதுவேன். இனி ஓடக்கூடாது என்று ஒருவரை நிறுத்துகிற அதிகாரமும் அவருக்கு இருந்தது. விதியை மீறியவர்களை நீக்குகிற பொறுப்பும் இருந்தது. கமிட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள். அவர்கள் நியமித்த ஒரே தமிழர் இவர்.

முதல் வருடம் நான் ஓடி வருபவர்களின் முகத்தைப் பார்த்துப் பதறினேன். “மூஞ்சியப் பாக்காதீங்க, டீச்சர். பாலத்தக் கண்டதும் எல்லாரும் மூஞ்சியச் சரி பண்ணிக்குவாங்க. காலப் பாருங்க,” என்றார். பார்த்தேன். முக்கால்வாசிப் பேர் வெறுங்கால். புதிதாகத் தார் போட்ட சாலை. பாதத்தில் கறுப்பாகத் தார் ஒட்டியிருக்கும். அதன் மேல் கொப்புளம். இத்தனை தூரம் கெட்டியான தரையில் ஊன்றி வந்த கால், ஆற்றில் அசையும் பலகையில் ஏறியதும் குழம்பிவிடும். பாலத்தின் நடுவில் முழங்கால் மடிந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தைப்பிங் அதற்கும் அப்பால், ஒரு கணவாய் ஏறி இறங்கி. “ஓட்டம் இந்தப் பாலத்தோட முடிஞ்சிருது. அந்தப் பக்கம் போறது பிடிவாதம்,” என்பார்.

அவருமே களைத்த மனிதர். எப்போதும் களைத்திருந்தார். மேசையில் கையை ஊன்றி, கண்ணைத் திறந்தபடியே தூங்குவாரோ என்று எனக்குச் சந்தேகம். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் உடம்பு முடியவில்லை என்று சீட்டுக் கேட்டு வந்தால், “அசதி வேற, நோய் வேற. அசதிக்கு எங்கிட்ட மருந்து கெடையாது,” என்பார். சொல்லிவிட்டுச் சீட்டையும் எழுதிக் கொடுத்துவிடுவார்.

சடையன் ஓடிய வருடத்தைச் சொல்ல வேண்டும்.

சடையன் ஆற்றங்கரைத் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். சாயங்காலம் தைப்பிங்கில் துப்பாக்கி வெடிக்கும். அதற்குள் வந்து சேர்கிறவர்களின் பெயரை மேடையில் வாசித்துப் பதக்கம் கொடுப்பார்கள். சீக்கியப் போலீஸ்காரர்கள், ஈயச் சுரங்கத்துச் சீனர்கள், மலாய்க்காரர்கள், எல்லோருடைய பெயரும் அங்கே கேட்டிருக்கிறது. தோட்டக் கூலி ஒருவன் பெயர் கேட்டதில்லை. அவர்களைச் சேர்ப்பதே வீண் என்று கமிட்டியில் வருடந்தோறும் யாராவது சொல்வதாகக் கேள்வி. சடையன் வேகமானவன். அவன் சேர்ந்துவிடுவான் என்று தோட்டம் முழுவதும் நம்பியது.

நம்பிய விதம் அவர்களுடையது. ஐம்பது மைல் வெறுங்காலோடு ஒருவன் போகிறான் என்றால் அவர்களுக்கு அது வேண்டுதல். கோயிலில் பூசாரி காப்புக் கட்டினார். சடையன் விரதம் இருந்தான். அவனுடைய அக்கா அஞ்சலை, அவளும் பால் வெட்டுகிறவள், மஞ்சள் துணி எடுத்துக் கொடுத்தாள். அதைக் கட்டிக்கொண்டுதான் ஓடினான்.

அந்தத் தோட்டத்து லயங்கள், கூலிகள் குடியிருக்கும் வரிசை வீடுகள், சாலையை ஒட்டியவை. எங்கள் மேசையிலிருந்து நன்றாகத் தெரியும். வெயில் உச்சிக்கு வந்தபோது சடையன் வந்தான். முன்னால் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். லயத்திலிருந்து பெண்கள் பால் வாளிகளோடு இறங்கி வந்தார்கள். வாளியில் மஞ்சள் தண்ணீர், வேப்பிலை. காவடி எடுத்து வருகிறவனுக்கு என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். காலில் ஊற்றினார்கள். அவன் கொஞ்சம் தள்ளாடினான். அஞ்சலை அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

ஓடுகிறவனை யாரும் தொடக்கூடாது. அது விதி.

கமிட்டிக்காரர்களின் மோட்டார் வண்டி முன்னால் போகிறவர்களோடு பாலத்தைக் கடந்து போயிருந்தது. அதிகாரத்தோடு அங்கே இருந்தது நாங்கள் இருவர்தான். வேறு யாரும் சொல்லப் போவதில்லை. அவர் என்னைப் பார்த்தார். பிறகு எதிரே பார்த்தார். எதிரே மரத்தடியில் ஒரு சீன இளைஞனும் அவனுடைய அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள். சுரங்கத்து ஆட்கள். சற்று முன்புதான் அந்த இளைஞனை நீக்கியிருந்தார். அண்ணன் அவனுக்குத் தோள் கொடுத்ததற்காக.

“அவன் அங்க உக்காந்திருக்கானே, டீச்சர்,” என்றார்.

அவர் சொன்ன விளக்கம் அவ்வளவுதான். கல்லூரியில் நியாயத்தைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். அந்த நேரத்தில் ஒரு வரிகூட உதவிக்கு வரவில்லை. பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். அவர் கையை நீட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டார்.

“நீங்க எழுதாதீங்க. இது என் கையெழுத்தா இருக்கட்டும்.”

சடையன் மேசைக்கு வந்தான். அவர் எழுந்து நின்று சொன்னார். ரகசியமாகச் சொல்லவில்லை. சடையனுக்கு முதலில் புரியவில்லை. தண்ணிதானே என்றான். ஆமாம், தண்ணீர்தான் என்றார் இவர்.

“நிக்கணுமா?”

“போறதுன்னா போ. பேரு வராது.”

போனான். பலகைகள் அவன் காலடியில் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று துப்பாக்கி வெடிப்பதற்கு வெகுநேரம் முன்பே தைப்பிங் போய்ச் சேர்ந்தான். பெயர் வாசிக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு யாரும் வரவில்லை. கங்காணி பிடித்துக்கொண்டு வந்தால் வருவார்கள். கொயினாவை வாயில் அடக்கிக்கொண்டு போய் வெளியே துப்புவார்கள். காய்ச்சலோடு வெளிக்காட்டு வேலைக்குப் போய் மரத்தடியில் சுருண்டு கிடந்தார்கள். ஒருமுறை நான் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். அவரோடு லயத்துக் குழாயடியைக் கடந்து போகும்போது தண்ணீர் கேட்டேன். அஞ்சலை அங்கே இருந்தாள்.

“பாத்துக் குடுங்கடி. கூட யாரு வாராருன்னு பாத்தீங்கல்ல. எழுதி வச்சிருவாரு,” என்றாள்.

குழாயடி முழுவதும் சிரித்தது. இவரும் சிரித்தார். அந்த மழைக்காலத்தில் ஒரு முதியவர் ஆஸ்பத்திரிப் பக்கம் வராமலே லயத்தில் காய்ச்சலில் இறந்தார். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒருமுறை சொன்னார். ஒருமுறைதான். அந்த மரணத்தைத் தன் மேல் எவ்வளவு போட்டுக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. அவர் வேலையை விட்டுப் போயிருக்கலாம். சித்தியவானில் ஒரு தோட்டத்தில் கூப்பிட்டார்கள். போகவில்லை. நான் போனா இவங்க சரியாயிருவாங்க, ஆனா நான் எழுதினது தப்புன்னு ஆயிரும் என்றார்.

தானாக வந்தவன் ஒருவன்தான். சடையன். பாதத்தில் புண் ஆறவில்லை. இவர் கீழே உட்கார்ந்து கட்டுப்போட்டார். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினானாம். நீங்க எழுதினது பொய்யில்ல என்றானாம். அடுத்த வருஷமும் நீங்கதான் மேசையில உக்காருவீங்களா என்று கேட்டானாம். ஆமாம் என்றிருக்கிறார்.

“அப்ப நீங்க எழுத ஒண்ணும் இல்லாம வாரேன்.”

இதை என்னிடம் சொன்னபோது அவர் குரல் சற்று மாறியது. வேறு எப்போதும் அப்படி மாறி நான் கேட்டதில்லை.

ஆனால் சடையன் மட்டும் நினைத்தால் போதாது. லயம் நினைக்க வேண்டும். அடுத்த ஓட்டத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, பள்ளி விடுமுறையில், அவருடைய வீட்டில் தங்கியிருந்தேன். காலையில் பிரட்டுக்குப் புறப்பட்டார். பிரட்டு என்றால் வேலைக்குப் போகுமுன் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடம். நானும் போனேன். கங்காணியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு அவர் வரிசைக்கு முன்னால் நின்றார். இந்த வருடம் யாரும் சடையனைத் தொட வேண்டாம் என்றார். தண்ணீரும் வேண்டாம் என்றார். அஞ்சலைதான் பேசினாள்.

“காப்புக் கட்டினவன் வாசல் வழியா போறான். நாங்க கையக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?”

“தொட்டா அவன் பேரு போயிரும், அஞ்சல.”

“அதான் போன வருஷமே போயிருச்சே. புதுசா போறதுக்கு என்ன இருக்கு?”

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். இவர் கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரை அப்படிப் பார்க்க அவளுக்கே பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். குரல் தணிந்தது.

“ஊத்தாதேன்னு மட்டும் சொல்லாதீங்க, டிரசரய்யா. எங்க ஊத்தணும்னு சொல்லுங்க. அங்க ஊத்துறோம்.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு லயத்துக்கு முன்னால் கிடந்த சாலையைப் பார்த்தார்.

“ரோட்டுல ஊத்துங்க,” என்றார். “அவன் வாரதுக்கு முந்தி.”

அன்றே ஈப்போவுக்குக் கிளம்பினார். கமிட்டியின் செயலாளரான வெள்ளைக்காரரைப் பார்க்க நானும் கூடப் போனேன். விஷயத்தைக் கேட்டுச் செயலாளர் சிரித்தார். சாலை ஈரமாக இருக்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை என்றார். இவர் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டார். அவர் இன்னொரு தடவை சொன்னார். அப்போதுதான் இவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

அந்த வருடம் முதல் ஆள் வருவதற்கு முன்பே பெண்கள் சாலையில் வரிசையாக நின்றார்கள். வாளி வாளியாகத் தாரின் மேல் ஊற்றினார்கள். ஆவி எழுந்தது. கொஞ்ச நேரத்தில் காய்ந்தது. மறுபடி ஊற்றினார்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தண்ணீர் காலில் விழுந்தபோது அது சடையனுக்கு மட்டும். சாலையில் விழுந்ததும் எல்லோருக்கும் ஆகிவிட்டது. மலாய்க்காரர் ஒருவர் அந்த ஈரத்தில் வேண்டுமென்றே மெதுவாக நடந்தார். பூட்ஸ் போட்ட ஒரு சீக்கியப் போலீஸ்காரர் வழுக்கி விழப்போய், “லிச்சின்! லிச்சின்!” என்று மலாயில் வழுக்குவதைச் சொல்லித் திட்டிக்கொண்டு போனார். பெண்களுக்கு அது பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு பூட்ஸ் வரும்போதெல்லாம் அவர்களே “லிச்சின்” என்று குரல் கொடுத்தார்கள்.

சடையன் வந்தான். யாரும் தொடவில்லை. அஞ்சலை இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள். இவர் எண்ணைச் சொன்னார். மற்ற எண்களைவிடச் சற்று உரக்கச் சொன்னார். நான் எழுதினேன்.

அந்த வருடம் சடையன் துப்பாக்கி வெடித்த பிறகுதான் தைப்பிங் சேர்ந்தான். கணவாயில் முழங்கால் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகும் ஓடிப் பார்த்தான். முதல் வருடம் ஓடியதைப் போல ஓட முடியவில்லை. இப்போது ஓடுவதில்லை. வாளி எடுத்து வருகிறான். தோட்டக் கூலி ஒருவன் பெயர் இன்றுவரை அந்த மேடையில் கேட்கவில்லை. இதை நான் மாற்றி எழுத முடியாது.

ஆனால் அந்த ஓட்டம் முடிந்த வாரம் அஞ்சலை காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவளாகவே வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டினாள். இவர் மருந்தைக் கொடுத்தார். கசக்குது என்றாளாம். கசக்கத்தான் செய்யும் என்றாராம். அடுத்த நாள் பெஞ்சில் இடமில்லை.

இப்போது கணவாய் அடியில் இருக்கும் பாடாங் ரெங்காஸ் வரை சாலையோர லயங்களில் எல்லாம் ஊற்றுகிறார்கள். யார் தொடங்கியது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

கடைசியாக அவரைப் பார்த்தது போன மாதம். மெலிந்து, கண் மஞ்சளாக இருந்தார். அசதிதான் டீச்சர், நோய் இல்ல என்றார். நான் நம்பவில்லை. நம்பாதது அவருக்கும் தெரியும். கமிட்டிக்குப் புதிய செயலாளர் வந்திருப்பதாகச் சொன்னார். சாலையை நனைப்பதும் உதவிதான், அதையும் தடுக்க வேண்டும் என்று அந்த ஆள் பேசுகிறாராம். இந்த வருடம் மேசைக்கு வர முடியும் என்று தோன்றவில்லை என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார்.

“பழைய ஆள் ரெண்டு தடவ சொன்னாருல்ல. கேட்டது நம்ம ரெண்டு பேருதான். நான் இல்லன்னா நீங்க ஒருத்தர்தான் லா.”

வேறு எதுவும் கேட்கவில்லை. எதையும் கேட்டு வாங்குகிற பழக்கம் அவருக்கு இல்லை.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. ஒரு பழக்கம் இருக்கிறது. ஒருவரைப் பற்றி அவருக்கு வலிக்கக்கூடியதை எழுத நேர்ந்தால் பேனாவை இன்னொருவரிடம் தள்ளிவிடுவதில்லை. பள்ளியில் ஒரு மாணவி தேறவில்லை என்றால் அதை நானே எழுதி, அவளைக் கூப்பிட்டு, எழுந்து நின்று சொல்கிறேன். எளிதாக இல்லை. அவருக்கும் எளிதாக இருந்திருக்காது.

நேற்றுப் பள்ளி முடிந்ததும் புதிய செயலாளரைப் போய்ப் பார்த்தேன். பழைய செயலாளர் சொன்னதைச் சொன்னேன். அது எங்கும் எழுதப்படவில்லையே என்றார். இப்போது எழுதிக்கொள்ளுங்கள், கேட்ட சாட்சி நான் என்றேன். பாலத்து மேசையில் இந்த வருடம் நான் உட்காருகிறேன் என்றும் சொன்னேன். ஒரு பெண்ணை அங்கே நியமித்ததில்லை என்றார். இத்தனை வருடமும் எழுதியது என் கைதான் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்று காலை முதல் பஸ் பிடித்து ஆற்றங்கரைத் தோட்டத்துக்குப் போனேன். அஞ்சலையைப் பார்த்து, மேசையில் யார் இருந்தாலும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டாம் என்று சொன்னேன். பிறகு கல்லறைக்குப் போய்விட்டு மத்தியான பஸ்ஸில் திரும்பி வந்தேன்.